நீ கொண்டு வந்த மத்தியானச் சோறு

ஸ்டெல்லா கண்ணுக்கு, உன் நைனா எழுதுவது.

நர்ஸ் படிப்பை முடித்துக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து நீ வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும் என்று நான்கு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். கிழித்துப் போட்டது போக மிஞ்சியதுதான் இது. நேரில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். நேரில் என்னால் ஆகாது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது, இல்லாவிட்டால் வழக்கம்போல் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து போய்விடுவேன். எட்டாவது வரை சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அந்தப் படிப்பை வைத்து இத்தனை காலம் யூனியன் ஆபீஸில் ஓசிப் பேப்பர் படித்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. இன்றைக்காவது அது உருப்படியாக ஒரு வேலைக்கு ஆகட்டும்.

உன் கடிதத்தில், கல்யாணத்தன்று உன் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப் போக நான்தான் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து அறைக்காரனைக் கூப்பிட்டு அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். அதற்குக் கீழே அம்மா சொன்னதாக இன்னும் இரண்டு வரி இருந்தது. பாவம், அந்த ஆள் வேலை கிடைக்காமல் கஷ்டத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டார், அவருக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல். அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இரண்டு நாள் கழித்துச் சட்டையும் வந்தது. நல்ல பாப்ளின், காலரில் இரட்டைத் தையல். போட்டுப் பார்த்தேன். தோளில் இழுக்கிறது, பொத்தான் போட்டால் மூச்சு முட்டுகிறது. உன் அம்மா அளவு தெரியாதவள் இல்லை. அவள் மனதில் நான் இன்னமும் இளைத்துப்போன மனிதன், சோற்றுக்கு இல்லாதவன். அந்த மனிதனுக்குத்தான் அவள் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். அப்படி ஒரு மனிதன் என்றைக்குமே இருந்ததில்லை. உனக்கு அது தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலில் நான் ஏன் வீட்டை விட்டுப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். தண்டையார்ப்பேட்டையில் எனக்கு ஒருத்தி இருந்ததாக உன் காதிலும் விழுந்திருக்கும். யாரும் இல்லை. சாராயமும் காரணம் இல்லை. அவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். உன் அம்மா என்னைக் கேட்காமல் இறால் உரிக்கப் போனாள், அவ்வளவுதான் விஷயம். காசிமேட்டில் அப்போதுதான் வெளிநாட்டுக்கு இறால் அனுப்புகிறவர்கள் கொட்டகை போட ஆரம்பித்திருந்தார்கள். பெண்கள் விடியும் முன் போய், ஐஸில் கிடக்கிற இறாலை எடுத்துத் தலை கிள்ளி ஓடு உரித்துக் கொடுத்தால் எடைக்குக் கூலி. துறைமுகத்தில் என் கேங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அது போதாதா. “இன்னா மாமு, வூட்டுக்காரம்மா பாரினு பிசினஸ் பண்ணுதாமே, நீ இன்னாத்துக்கு மூட்ட தூக்கினுகீற” என்று ஒருவன் ஆரம்பித்தான். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, “கொட்டாயா, நானா, ஒண்ணு சொல்லு” என்றேன். அவள் உன் பாவாடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். “நாளிக்கு நெறய மால் வர்தாம், சீக்கிரம் போவணும்” என்றாள். எனக்குப் பதில் சொல்லக்கூட அவளுக்கு நேரம் இல்லை என்று தோன்றியது. துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு திருவொற்றியூரில் தனியாள்கள் தங்கும் ஒரு அறைக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரத்தில் வந்து கூப்பிடுவாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனதும் பத்து நாள் பொறுப்போம் என்று நினைத்தேன். வந்தது கோர்ட்டுச் சம்மன். தனக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளைக்கு மட்டும் மாசாமாசம் கொடுக்கட்டும் என்று மனுப் போட்டிருந்தாள். மாஜிஸ்திரேட்டும் அப்படியே உத்தரவு போட்டார். உண்மையைச் சொல்கிறேன், கொடுக்க முடியாத தொகை இல்லை அது. அப்போது கப்பலுக்குக் குறைவில்லை, எனக்கு உடம்பில் தெம்பு இருந்தது. கொடுப்பது எனக்கு வலிக்கவில்லை. கொடு என்று இன்னொருவர் வாயால் எனக்குச் சொல்லவைத்தாளே, அதுதான் பொறுக்கவில்லை. எப்படியாவது அந்த உத்தரவை அவளுக்கு எதிராகத் திருப்பிவிட வேண்டும் என்று இருந்தது. அந்தப் பணம் உன் சாப்பாடு, உன் நோட்டுப் புத்தகம் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. நான் அவளோடு சண்டை போடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு, அதில் நம்பர் வெட்டியிருக்கும். காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவார். பெயருக்கு உரியவன் குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் இல்லை. வில்லையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். சம்பந்தம் என்று எனக்கு ஒரு தோஸ்து இருந்தான். நெஞ்சு வியாதிக்காரன். மூட்டை தூக்கினால் இருமி இருமி உட்கார்ந்துவிடுவான். ஆனால் ஆஜர் நாள் குறைந்தால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் அவன் வில்லையை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் பெயருக்கு நான் குரல் கொடுப்பேன். கூலியை இரண்டாகப் பங்கு போட்டுக்கொள்வோம். அது வரைக்கும் அது ஒருவனுக்கு ஒருவன் செய்கிற உதவிதான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு நாள் வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். அவர், “உனுக்கு வேல இல்லன்னு காட்டினா கொறச்சிடுவாங்கோ நைனா. காட்ட முடியுமா?” என்றார். முடியும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து, என் பெயர் அடிபடாத அளவுக்கு மட்டும் ஆஜர் வைத்துக்கொண்டு, மாதத்தில் பாதி நாள் நான் சம்பந்தம் ஆனேன். மேஸ்திரி என் பெயரைக் கூப்பிடும்போது வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்ப்பேன். சம்பந்தம் என்று கூப்பிட்டதும் “கீறேன்” என்பேன். நாலு மாதத்தில் என் பெயருக்கு நேராக வெற்று நாள்கள் வரிசையாக நின்றன. அந்தக் காகிதத்தை வைத்து, கப்பல் இல்லை, வேலை இல்லை, பிள்ளைக்குக் கொடுப்பதைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். விசாரணைக்குப் பத்து நாள் முன்னாலிருந்து சவரம் செய்ய வேண்டாம் என்றார் குமாஸ்தா. செய்யவில்லை. கிழிந்த சட்டை வேண்டும் என்றார். கிழியாத சட்டையை நானே தையலில் பிரித்தேன்.

அன்றைக்கு உன் அம்மா வக்கீல் இல்லாமல் வந்திருந்தாள். கொட்டகையிலிருந்து நேராக வந்தவள் போல் சேலை முந்தானை ஈரமாக இருந்தது. அவள் கத்துவாள், என்னைப் பொய்யன் என்பாள், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். மாஜிஸ்திரேட் மனுவைப் படித்துச் சொல்லி, நீ என்ன சொல்கிறாய் அம்மா என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். “அது சொல்றது நெசம்தான் சாமி. ஆளப் பாருங்கோ, எப்பிடிப் பூட்ச்சுன்னு. கப்பல் வரலன்னா அது இன்னா பண்ணும். கொறச்சிக்குங்கோ” என்றாள். மாஜிஸ்திரேட்டுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைக்கு என்ன செய்வாய், யோசித்துச் சொல் என்றார். “யோசிக்க இன்னா கீது சாமி. எனுக்குக் கை கீது. புள்ளய நான் பாத்துக்கறேன்” என்றாள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. குமாஸ்தா என் முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நான் ஜெயித்தேன் கண்ணு. என் ஆயுசில் நான் ஜெயித்த ஒரே வழக்கு அது. அப்போதே திரும்பி உள்ளே போய், ஐயா நான் பொய் சொன்னேன் என்று சொல்ல எனக்குக் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் டீ குடித்தேன்.

அவள் வெளியே வந்து என்னைத் தேடிக்கொண்டு டீக்கடைக்கே வந்தாள். வீட்டை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள். “மத்தியானத்துக்கு இன்னா துன்ற?” என்றாள். ஏதோ கிடைத்ததைச் சாப்பிடுகிறேன் என்றேன். “புள்ள ஸ்கூலு ஆர்பர் கேட்டாண்டதானே கீது. சோறு குடுத்தனுப்பறேன், வாங்கித் துன்னு” என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றேன். “ரோசத்தக் கொண்டுபோயி வயித்தாண்ட காட்டாத. கெஞ்ச வெக்காத என்னிய” என்றாள். மூன்றாவது தடவை மறுத்தால் எங்கே குட்டு உடைந்துவிடுமோ என்று தலையை ஆட்டினேன். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் கை மீன் குழம்புக்கு என் நாக்கு ஏங்கிப்போய்க் கிடந்தது.

மறுநாளிலிருந்து நீ வர ஆரம்பித்தாய். ஒன்பது வயது உனக்கு. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துறைமுக வாசலுக்கு ஓடி வருவாய். நான் உள்ளே சம்பந்தத்தின் பெயரில் மூட்டை தூக்கிவிட்டு, வில்லையைக் கழற்றி மடியில் செருகி, குழாயடியில் கை கால் முகம் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, வேலை கிடைக்காதவன்போல வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை சாமர்த்தியம் பார். நெத்திலிக் குழம்பு, சில நாள் கருவாடு, கீழே வெதுவெதுப்பான அரிசிச் சோறு. நீயும் ஒரு வாய் சாப்பிடு என்பேன். “நான் துன்னுட்டேன் நைனா” என்பாய். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாய். கிளம்பும்போது மறக்காமல் ஒரு கேள்வி கேட்பாய். “இன்னிக்கிக் கப்பல் வந்துச்சா நைனா? அம்மா கேக்கச் சொல்லிச்சி.” இல்லை கண்ணு என்பேன். உன் முகம் சுருங்குவதைப் பார்க்க முடியாமல் ஒரு நாள், வந்தது, நாளையிலிருந்து இரண்டு நாள் வேலை இருக்கும் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் நீ வந்து, அம்மா மாதா சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியதாகச் சொன்னாய்.

இரண்டு மாதம் போயிருக்கும். மூடியைத் திறக்கும்போது உன் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் தோல் வெளுத்து ஊறி, நகக்கண்ணில் வெடித்திருந்தது. என்ன இது என்றேன். நீ பெருமையாகச் சொன்னாய்: “காலைல அம்மாகூடக் கொட்டாய்க்குப் போறேன் நைனா. சின்ன எறாலு என்னுதுதான் பஸ்ட்டா வர்து. மேஸ்திரிம்மா சொல்லிச்சி.” எந்தக் கொட்டகைக்குப் பெண்டாட்டி போனாள் என்று நான் வீட்டை விட்டு வந்தேனோ, அதே கொட்டகைக்கு என் மகளை நானே அனுப்பியிருக்கிறேன். ஐஸும் இறால் தண்ணீரும் விரலை எப்படி அரிக்கும் என்று எனக்குத் தெரியாததில்லை. நாளைக்கே கோர்ட்டுக்குப் போய் மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. போனால் பொய்ச் சத்தியத்துக்கு என்னைப் பிடித்து உள்ளே வைப்பார்கள், சம்பந்தத்தின் பெயரும் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் எனக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. உனக்குப் பரீட்சை, பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. கந்தகம் வந்த கப்பல். ஒரு கேங்கை நிறுத்தி இன்னொரு கப்பலுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி, வாசலுக்குப் பக்கத்திலேயே. “சம்பந்தம்” என்று கூப்பிட்டார். “கீறேன்” என்று நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு திரும்பினால், கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நின்றிருக்கிறாய். கையில் தூக்குச்சட்டி. என் கழுத்தில் அவன் வில்லை. தலையிலிருந்து கால்வரை மஞ்சள் தூள். வேறு வழியில்லாமல் அப்படியே வெளியே வந்து உன் முன்னால் உட்கார்ந்தேன். நீ பாவாடை ஓரத்தை விரலில் சுற்றி என் புருவத்தைத் துடைத்துவிட்டாய். தூள் பட்டு உன் விரல் எரிந்திருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டாய். “துன்னு நைனா, ஆறிடும்” என்றாய். நான் சாப்பிட்டேன். ஸ்டெல்லா, அப்போதும் நான் சாப்பிட்டேன். கிளம்பும்போது நீ எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கப்பல் என்ற பேச்சையே நீ என்னிடம் எடுத்ததில்லை. ஆனால் சோறு மட்டும் நிற்காமல் வந்தது. அதிலிருந்து தெரிந்துகொண்டேன், உனக்குப் புரிந்துவிட்டது, அம்மாவிடம் நீ சொல்லவில்லை என்று.

அதற்கு மேல் மூன்று வருஷம் ஓட்டினேன். குற்றவுணர்ச்சி தாங்காமல் ஒரு கிறிஸ்மஸுக்கு உனக்குச் சரிகை வைத்த கவுன் எடுத்துக் கொடுத்தனுப்பினேன். உனக்குச் சேர வேண்டிய காசில் வாங்கியதுதான், இருந்தாலும் அதைக் கொடுக்கும்போது நான் பெரிய மனுஷன் போல் நின்றேன். மறுநாளே அது திரும்பி வந்தது. இருக்கிற கஷ்டத்தில் நைனாவுக்கு எதற்கு இந்தச் செலவு, கடையில் கொடுத்துவிட்டு அந்தக் காசில் சாப்பிடட்டும் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். நீ அந்தப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய். கடைக்காரனிடம் அளவு சரியில்லை என்று சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பொய் சொன்னேன் சாமி என்பேன். எத்தனை தடவை மகனே என்பார். நிறைய என்பேன். அவர் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று வெளியே வந்து பீடி பற்றவைப்பேன். சம்பந்தம் செத்துப்போன பிறகுதான் நான் என் பெயருக்கே குரல் கொடுக்க ஆரம்பித்தேன். அப்போதும் நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. நீ படிப்புக்குப் போகும்வரை அந்தப் பாதித் தொகைதான் உன் அம்மாவுக்குப் போனது.

அப்பன் என்று ஒருவன் கல்யாணத்துக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம். என் யோக்கியதைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளை எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையில் பிட்டர், நீ வேலைக்குப் போவதில் அவருக்குச் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. என்றைக்காவது நாலு பேர் கேலி பேசி, அவர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதைச் சும்மா விடாதே. சோற்றைப் போடுவதற்கு முன்னால் என்ன என்று கேள். உன் அம்மா என்னை அப்படிக் கேட்கவில்லை என்று நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு அன்றைக்கு விடிந்தால் வேலை. வாய் இருந்தும் சொல்லாதவன் நான்தான். இன்னொன்று, உன் சம்பளம் உன் கையில் இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். நான் பின்னால் கதவோரம் நின்றிருந்தேன். சாமியார் என் பெயரைச் சொல்லி, உன் அம்மா பெயரைச் சொல்லி, இவர்களுடைய மகள் ஸ்டெல்லா என்று வாசித்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கடைசியில் சொல்வார்களே, அதையும் சொன்னார். அது வேறு விஷயத்துக்கு என்று எனக்குத் தெரியாதா. ஆனாலும் என் காது சூடாகிவிட்டது. என் பெயரைக் கேட்டதும் உன் அம்மா முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைத் தேடினாள். என்னைக் கண்டதும் தன் கழுத்தருகே தொட்டுக் காட்டி, சட்டை வந்ததா என்று சைகையில் கேட்டாள். வந்தது என்று நான் தலையாட்டினேன். பூசை முடிந்ததும் அவள் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன்.

அவள் முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். “சட்ட சரியா கீதா?” என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வில்லை, சம்பந்தம், குமாஸ்தா, எதையும் விடவில்லை. பாதிவரை பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு கை நின்றுவிட்டது. “கோர்ட்டுக்குத் தாடியோட வந்தியே, அது?” என்றாள். அதுவும்தான் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள். “அப்போல்லாம் அரிசி எங்க கெடச்சிது. ரேசன்ல ரெண்டு ஆளுக்குத் தர்றத வச்சிகினு ஒனுக்குத்தான் சோறு ஆக்கனேன். நானும் அதுவும் கோதும கஞ்சி குடிச்சோம். தெனம் அந்தச் சட்டிய மோந்து பாத்துட்டுத்தான் எடுத்துகினு போவும் புள்ள” என்றாள். நான் துன்னுட்டேன் நைனா என்று நீ சொன்னாயே, அது கஞ்சியைத்தான். அது எனக்கு அன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நாளும் முயன்றதில்லை.

அப்புறம் அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “புள்ளைக்கித் தெரியுமா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் உனக்கு அது நல்லதாகப் போயிருக்கலாம். வாய்வரை வந்தது. உண்மையைச் சொல்லப் போன இடத்தில் இன்னொரு பொய்யா என்று, தெரியும், கந்தகக் கப்பல் வந்த நாளிலிருந்து தெரியும் என்றேன். நான் சொன்ன மற்ற எதற்கும் கலங்காதவள் அதற்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுது முடித்ததும் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “கோயிலுக்கு வா. அது ஆசப்பட்டுச்சி, நான் குறுக்க நிக்கல. பந்தியில மட்டும் ஒக்காராத. என் சோத்துல ஒரு பருக்க இனிமே ஒனுக்குக் கெடயாது” என்றாள். சரி என்றேன். என் வாழ்நாளில் எனக்கு எதிராகச் சொன்ன தீர்ப்புகளில் இதற்கு மட்டும் நான் மனுப் போட மாட்டேன். ஆகையால் பூசை முடிந்ததும் நான் கிளம்பிவிடுவேன். சம்பந்தி வீட்டார் கேட்டால் உன் அம்மா சொல்வதைச் சொல்லட்டும். நீ எனக்காக அவளிடம் பேசாதே. அது, தீர்ப்பை அவளுக்கு எதிராகத் திருப்பி நான் செய்ததை நீ மறுபடி செய்வதாகிவிடும்.

நான் படி இறங்கும்போது அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “என்னாண்ட ஏன் சொல்லல அது.” நீ வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கேட்பாள். அதற்காகத்தான் இதை முன்னாலேயே எழுதுகிறேன். எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் சோறு நின்றுபோயிருக்கும். சோறு நின்றால் தினமும் அந்தச் சாப்பாட்டு வேளையில் உனக்கு நைனா இல்லை. அதை நீ அந்த வயதிலேயே கணக்குப் போட்டு, கஞ்சியைக் குடித்துவிட்டு எனக்குச் சோறு தூக்கி வந்தாய் என்றால் நான் அதை எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. பயந்துபோய்ச் சொல்லாமல் விட்டிருந்தாய், இல்லை விளையாட்டில் மறந்துபோனாய் என்றால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் சொல். எனக்கு எழுதாதே கண்ணு. அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் கோயில் வாசலில் நிற்பேன். நீ கையை நீட்டினால் பிடித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீட்ட மனம் வரவில்லை என்றால், யாரும் கவனிக்காதபடி நீ பாட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போ. நான் நாலடி பின்னால் நடந்து வருகிறேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

உன் நைனா